மெஷின் போடாத தையல்: வீட்டிலேயே கையால தைக்கிற தோல் ஹேண்ட்பேக்

வணக்கம் மக்களே!

2025 ஜூலை, பாரிஸ். சோத்பிஸ் நடத்துன ஒரு ஏலம். மேடையில ஒரு பழைய கறுப்புத் தோல் பை. பாடகியும் நடிகையுமான ஜேன் பிர்கினுக்காக, எர்மெஸ்ங்கிற பிரெஞ்சு ஆடம்பர பிராண்ட் செஞ்ச முதல் பிர்கின் பை அது. அவங்க வருஷக்கணக்கா தூக்கிச் சுமந்து, நல்லா அடிபட்டுப் போனது. ஏலத்துல போன விலை கிட்டத்தட்ட 86 லட்சம் யூரோ! நம்ம பணத்துக்கு எண்பது கோடிக்கு மேல.

அந்த விலை பேருக்கும் வரலாறுக்கும் கொடுத்தது, சந்தேகமே இல்ல. ஆனா எர்மெஸ் 1837-ல ஆரம்பிச்சப்போ அது ஹேண்ட்பேக் கடை இல்ல, வண்டி இழுக்கிற குதிரைக்குப் பூட்டு வாரும் கடிவாள வாரும் தைக்கிற பட்டறை. அங்க போட்ட அதே கைத்தையலைத்தான் இன்னைக்கும் அவங்க பைகள்ல போடுறாங்க. அதை நீங்க உங்க வீட்டு ஹால்ல உட்கார்ந்து போடலாம். அதுக்குத்தான் இந்த வீடியோ.

முதல்ல தோல். சீக்கிரமா முடிச்சிடுறேன். 30 சென்டிமீட்டர் அகலம், 22 சென்டிமீட்டர் உயரத்துல ஒரு பைன்னா, பக்கப்பட்டை (முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்கிற பட்டை), கைப்பிடி, வெட்டுற கழிவு எல்லாம் சேர்த்து நாலு சதுர அடி போதும். 1.5 மில்லிமீட்டர் கனம் பார்த்து வாங்குங்க. சென்னையில இருக்கிறவங்க பெரியமேடு போங்க. கடையில 'வெஜிடபிள் டேன்' தோல் வேணும்னு கேளுங்க. அதாவது மரப்பட்டை, கடுக்காய் மாதிரியானதுல பதப்படுத்துனது. ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதப்படுத்துறது திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் வழிவழியா வந்த தொழில்; அந்தத் தோலுக்குப் புவிசார் குறியீடே இருக்கு. இதை ஏன் சொல்றேன்னா, இந்த வகைத் தோலோட ஓரத்தை லேசா ஈரம் பண்ணி மரக்கட்டையால தேய்ச்சா கண்ணாடி மாதிரி பளபளன்னு வரும். குரோமியம் உப்புல பதப்படுத்துன குரோம் தோல்ல அது வராது, ஓரத்துக்குப் பெயிண்ட்தான் அடிக்கணும்.

அட்டையில அளவு வரைஞ்சு, தோல் மேல வச்சு, இரும்பு ஸ்கேல் புடிச்சு வெட்டுங்க. ஓரத்துல பசை தடவி ஒட்டுங்க. அவ்வளவுதான்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். தையல்!

தையல் மெஷின்ல ரெண்டு நூல் இருக்கும். மேல் நூல் மேலயே ஓடும், கீழ் நூல் கீழயே ஓடும். ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒண்ணை ஒண்ணு கொக்கி போட்டுப் புடிச்சுக்கும். மேல ஒரு இடத்துல தேய்ஞ்சு அறுந்துச்சுன்னா, கீழ் நூலுக்குப் புடிமானம் போச்சு. இழுக்க இழுக்க அடுத்த தையல், அதுக்கடுத்த தையல்னு வாயைப் பிளக்கும்.

கைத்தையல் அப்படி இல்ல. ஒரே நூல், ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு ஊசி. ஒரே ஓட்டைக்குள்ள இந்தப் பக்க ஊசி அந்தப் பக்கம் போகும், அந்தப் பக்க ஊசி இந்தப் பக்கம் வரும். ஒவ்வொரு ஓட்டையிலயும் நூல் ரெண்டு தடவை கடக்குது. ஒரு முனை அறுந்தாலும் இன்னொரு முனை பின்னாடி இருந்து புடிச்சுக்கிட்டு நிக்கும். எனக்கு இதைவிட அழகான பொறியியல் தெரியாது மக்களே! மோட்டார் இல்ல, கரண்ட் இல்ல, ரெண்டு கையும் ஒரு நூலும்தான்.

[திரையில்: ரெண்டு தையலின் குறுக்குவெட்டுப் படம், அருகருகே]

இதுல ஆச்சரியம் ஊசிதான். முனை மழுங்கின ஊசி வாங்கணும்! ஏன்னா ஓட்டையை ஊசி போடுறதில்ல. பல்லு வச்ச உளியைத் தோல் மேல வச்சுச் சுத்தியால தட்டி முதல்லயே ஓட்டை போட்டுடுறோம். ஊசி கூர்மையா இருந்தா முதல்ல போன நூலையே குத்திக் கிழிச்சிடும்.

ஓட்டைக்கு ஓட்டை 4 மில்லிமீட்டர். நம்ம பைக்கு ரெண்டு பக்கம், அடி சேர்த்து 74 சென்டிமீட்டர் தையல், அப்போ சுமார் 185 ஓட்டை. பக்கப்பட்டை வச்சா முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியா தைக்கணும், அப்படியே டபுள். நூல், தையல் நீளத்துக்கு நாலு மடங்கு: ஒரு சுத்துக்கு சுமார் 3 மீட்டர். அவ்வளவு நீளம் கையில சிக்கிக்கும், ரெண்டா வெட்டிக்கோங்க. லினன் நூலுக்குத் தேன்மெழுகு தேய்ச்சுக்கோங்க. வழுக்கிட்டும் போகும், போன இடத்துல கெட்டியாவும் நிக்கும்.

தையல் நேரா, ஒரே சாய்வா வரணுமா? முதல் ஓட்டையில எந்த ஊசி முன்னாடி போச்சோ, கடைசி ஓட்டை வரைக்கும் அதே ஊசி முன்னாடி போகணும். ரெண்டாவது ஊசி எப்பவும் முதல் நூலோட ஒரே பக்கத்துல நுழையணும். ரெண்டு கையும் ஒரே பலத்துல இழுக்கணும். ஒருதரம் மாத்திட்டீங்கன்னா அந்த ஒரு தையல் மட்டும் திரும்பி நிக்கும், கண்ணு நேரா அங்கதான் போகும்.

அவசரப்படாதீங்க. தோல்ல விழுந்த ஓட்டை துணி மாதிரி மூடிக்காது.

கடைசியில மூணு ஓட்டை பின்னாடியே வந்து, நூலை ஒட்ட வெட்டி, சுத்தியால லேசா தட்டுங்க. தையல் தோலுக்குள்ள படிஞ்சிடும்.

கைப்பிடியைப் பையோட சேர்க்கிற இடம் தனிக் கதை. முழு பாரமும் அங்கதான் விழும், வெறும் ஒரு வரித் தையல் பத்தாது. அடுத்த வீடியோ முழுக்க அதுதான். வீட்டுல யாருக்காவது பை தைக்கப் போறீங்கன்னா என்ன அளவு, என்ன நிறம்னு கமெண்ட்ல சொல்லுங்க, அதுல இருந்தே ஒண்ணை எடுத்துத் தைச்சுக் காட்டுறேன்.