70 கிலோமீற்றர் வேகம், நடுவீதியில் ஒரு மாடு: உங்கள் ரயர் என்ன செய்யும்?

[திரையில்: இரவு, ஏ9 வீதி, முன்விளக்கு வெளிச்சத்தில் படுத்திருக்கும் மாடுகள்]

வணக்கம். வன்னியில் இரவு வாகனம் ஓட்டியவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. பகல் வெயிலில் காய்ந்த தாரின் சூடு இரவிலும் ஆறாமல் இருப்பதால், மாடுகள் வந்து நடுவீதியில் படுத்துக்கொள்ளும். அப்படியொரு மாட்டை நோக்கி மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு ஹொண்டா சிவிக் வருகிறது. அதே சிவிக் இன்னொரு நாள், அதே வேகத்தில், வேறு ரயர்களோடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் தரமான பெர்போமன்ஸ் ரயர், அடுத்த நாள் இறுகிப்போன பழைய ரயர். வீதியில் ரயர் பிடிக்கும் அளவைச் சொல்லும் உராய்வுக் குணகத்தை முன்னதற்கு 0.9 என்றும் பின்னதற்கு 0.7 என்றும் எடுத்துக் கணக்கிட்டால், பிறேக் பிடித்த இடத்திலிருந்து முதல் நாள் 21 மீற்றர் சொச்சத்தில் கார் நின்றுவிடுகிறது. அடுத்த நாள் அதே புள்ளியைக் கடக்கும்போது கார் இன்னும் மணிக்கு 33 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. எஞ்சினும் பிறேக்கும் ஓட்டுநரும் ஒன்றே. ரயர் மட்டுமே வேறு.

ஆகவே, எக்ஸோஸ்ற், ஸ்பொயிலர், பெயின்ற் எல்லாவற்றுக்கும் செலவழித்த பிறகு மிஞ்சிய காசில் ரயர் வாங்கும் வழக்கத்தைத் தயவுசெய்து இன்றோடு தலைகீழாக்குங்கள். மொடிபை செய்த ஸ்போர்ட்ஸ் காருக்கு முதற் செலவு ரயராகவே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ரயரின் பக்கத்தில் 195/55 ஆர்15 85வி என்று எழுதியிருந்தால், 195 மில்லிமீற்றர் அகலம், அந்த அகலத்தில் 55 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், 15 அங்குல ரிம், ஒரு ரயர் தாங்கும் பாரம் 515 கிலோ, உச்ச வேகம் மணிக்கு 240 கிலோமீற்றர் என்று பொருள். அடிப்படை இவ்வளவுதான்.

[திரையில்: ஒரே காரில் 15, 16, 17, 18 அங்குல ரிம்கள்]

இப்போது வன்னி இளைஞர்கள் மிக அதிகம் கேட்கும் கேள்விக்கு வருவோம்: எத்தனை அங்குல ரிம் போடலாம்? இந்தக் கேள்வியை நான் சற்று மாற்றிக் கேட்கச் சொல்வேன்: எத்தனை மில்லிமீற்றர் பக்கச்சுவர் மிஞ்சும்? 195/55 ஆர்15 ரயரில் பக்கச்சுவர் 107 மில்லிமீற்றர். 205/45 ஆர்16 ரயரில் அது 92 ஆகவும், 205/40 ஆர்17 ரயரில் 82 ஆகவும், 215/35 ஆர்18 ரயரில் வெறும் 75 ஆகவும் குறைகிறது. ரயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ மாறாமல் இருக்க வேண்டும் என்பதால், ரிம் பெருக்கும் ஒவ்வோர் அங்குலமும் பக்கச்சுவரிலிருந்தே கழிகிறது. மெல்லிய பக்கச்சுவர் வளைவுகளில் குறைவாக நெளிவதால் ஸ்ரியறிங் திருப்பியவுடன் கார் கீழ்ப்படியும் என்பது உண்மை. காப்பெற் போட்ட ஏ9 வீதியை விட்டு இறங்காதவருக்கு அது இலாபமாகவும் இருக்கலாம்.

ஆனால் நம்மில் யார் ஏ9 வீதியிலேயே குடியிருக்கிறோம்? வீட்டு வாசலுக்குப் போக கிரவல் பாதையில் இறங்க வேண்டும்; மாரி முடிந்ததும் மதகுகளின் இரு கரையிலும் மண் அரித்துப் படி விழுந்திருக்கும். அந்தப் படியில் முன்சில்லு மோதும் கணத்தில், பக்கச்சுவர் நசுங்கி ரிம்மின் உதட்டுக்கும் கல்லுக்கும் இடையில் அகப்படுகிறது. உள்ளே நூலிழைகள் அறுந்து, சில நாளில் அந்த இடம் முட்டை அளவுக்குப் புடைத்து வரும். புடைத்த ரயருக்கு ஒட்டுப் போட முடியாது, கழற்றி எறியத்தான் வேண்டும். இந்தக் காரணத்தால், வன்னியில் ஓடும் பழைய சிவிக் போன்ற இலகுவான காருக்கு 15 அல்லது 16 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம் என்று சொல்கிறேன்.

ரிம்மின் பாரம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வயலில் உழக்கிய களி காலில் ஒட்டியிருக்க நடந்தவருக்குத் தெரியும், அதே பாரத்தைத் தலையில் சுமந்து நடப்பது எவ்வளவு இலகுவென்று. சில்லின் பாரமும் அப்படித்தான்: அது ஸ்பிறிங்குக்குக் கீழே இருப்பதால் ஒவ்வொரு பள்ளத்திலும் மேலும் கீழும் எறியப்படுகிறது, சுழல்வதால் வேகமெடுக்கும்போதும் பிறேக் பிடிக்கும்போதும் கூடுதல் சக்தியைக் கேட்கிறது. ஜப்பானின் ரேய்ஸ் நிறுவனம் 1996இல் வெளியிட்ட ரீஈ37 (TE37) ரிம்மின் பெயரிலுள்ள 37 என்பது, அதன் 15 அங்குல வகை வெறும் 3.7 கிலோ மட்டுமே என்பதைக் குறிக்கிறது. அச்சில் அழுத்தி அடித்து உருவாக்கிய ரிம் அது. வார்த்து எடுத்த ரிம்கள் பல, அதே அளவில் 6 கிலோவைத் தாண்டும். அதன் தோற்றத்தை மட்டும் பிரதி செய்த போலிகள் ஏராளம். ஆகவே விலை பேசுமுன் ரிம்மைத் தராசில் வையுங்கள். அழுத்தி அடித்த அசல் கட்டுபடியாகாவிட்டால், நம்பகமான வார்ப்பு ரிம்மை வாங்கி, மிச்சக் காசை ரயரில் போடுங்கள்.

பொருத்தத்தில் இரண்டு இடங்களைக் கட்டாயம் பாருங்கள். சில்லு மாட்டப்படும் ஹொண்டா ஹப்பின் நடுவட்டம் பெரும்பாலும் 64.1 மில்லிமீற்றர், வெளியில் வாங்கும் ரிம்மின் துளை அதைவிடப் பெரிதாக இருந்தால் இடைவெளிக்கு வளையம் போட வேண்டும், இல்லையேல் ஸ்ரியறிங் நடுங்கக்கூடும். ஹொண்டாவின் சொந்த நட்டுகள் ரிம்மில் அமரும் பகுதி, அதாவது இருக்கை, உருண்டை. வெளி ரிம்கள் பெரும்பாலும் கூம்பு வடிவ நட்டையே கேட்கும். மாற்றிப் போட்டால் முறுக்கியது போலத் தோன்றும், ஆனால் ஓரத்தில் மட்டுமே பிடித்திருக்கும்.

[திரையில்: மாரி மழை, நீர் தேங்கிய வீதி]

பந்தயத் திடலுக்கென்று வரும் அரைவழுக்கு (செமி ஸ்லிக்) ரயர்களை, குறிப்பாகத் தேய்மான எண் (எண் சிறிதானால் ரயர் விரைவில் தேயும்) 100 அளவில் உள்ளவற்றை, ஐப்பசி முதல் மார்கழி வரை நான் இங்கே பரிந்துரைக்க மாட்டேன். பிடிப்பு அபாரம், ஆனால் நீரை வெளியேற்றும் கால்வாய்கள் மிகக் குறைவு. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நாசா 1960களில் விமானச் சில்லுகளை ஆராய்ந்து கண்ட சூத்திரத்தின்படி, ரயரின் பூவின் (மேற்பரப்பு வரிகளின்) ஆழத்தைவிட நீர் ஆழமாக நின்றால், 32 பி.எஸ்.ஐ. காற்றுள்ள ரயர் ஏறத்தாழ மணிக்கு 94 கிலோமீற்றர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். காற்றை 20 ஆகக் குறைத்தால் அந்த வேகம் 75 அளவுக்கு இறங்கிவிடுகிறது. பிடிப்புக்காகக் காற்றைக் குறைத்து ஓடும் நண்பர்கள் இந்த இரண்டு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றை எப்போதும் சில்லு குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். வெயிலில் ஓடி வந்து முறிகண்டியில் நிறுத்தியதும் அளந்தால் எண் கூடுதலாகவே காட்டும். அதைக் கண்டு திறந்துவிட்டால், காலையில் ரயர் காற்றுக் குறைந்து நிற்கும்.

பழைய இருப்பில் ஏமாறாமல் இருக்க, பக்கத்தில் பதித்துள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. வவுனியாவில் சில்லு மாட்டிக் கிளிநொச்சிக்கு வந்தால் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் ஓடியிருக்கும். அந்த ஓட்டத்தில் நட்டுகள் தளரக்கூடும் என்பதால், மறுநாள் காலை அவற்றை அளவுச் சாவியால் (ரோர்க் ரென்ச்) மீண்டும் இறுக்குங்கள், பழைய சிவிக்குக்கு 108 நியூற்றன் மீற்றர்.

உங்கள் காரின் வகையையும், இப்போது போட்டிருக்கும் ரயரின் எண்களையும், வீட்டுக்குப் போகும் பாதை கிரவலா காப்பெற்றா என்பதையும் கீழே எழுதுங்கள். பொருத்தமான அளவைக் கணக்கிட்டு ஒவ்வொருவருக்கும் பதில் தருகிறேன்.