டி-செல்ல நிறுத்தறது எப்படி? கைமெராஎக்ஸ்ல பிடி-1 பாக்கலாம் வாங்க

வணக்கம் மக்களே. பின்னாடி இரைச்சல் கேட்டா பயந்துடாதீங்க, லேப்டாப் ஃபேன்தான். மூலக்கூறோட மேல்பரப்ப திரையில வரையற சர்ஃபேஸ் போட்டாலே இது இப்படித்தான் கத்தும்.

புக்ல இன்ஹிபிட்டரி சிக்னல்னு வந்தா என்ன போட்டிருப்பாங்க? ஒரு கோடு, கோட்டு முனையில ஒரு குறுக்குக் கட்டை. ஏ வந்து பி-ய தடுக்குது, முடிஞ்சுது. பரீட்சைக்கு அது போதும். ஆனா அந்தக் குறுக்குக் கட்டைக்குள்ள நிஜமா எது எதத் தொடுது? இன்னிக்கு அதத்தான் திரையில திருப்பித் திருப்பிப் பாக்கப்போறோம். எடுத்துக்கிட்ட ஆளு பிடி-1.

பின்னணி வேகமா சொல்லிடறேன். டி-செல், வைரஸ் புகுந்த செல், கேன்சர் செல் இதெல்லாம் தேடிக் கொல்ற செல். அது அடங்காம ஆடினா நம்ம திசுவையே அடிச்சிடும். அதனால அதுக்கு "போதும்பா"ன்னு சொல்ல சில புரதங்கள் அதோட மேல்பரப்புலயே இருக்கு. அதுல ஒண்ணு பிடி-1. 1992ல கியோட்டோ பல்கலைக்கழகத்துல தசுகு ஹோன்ஜோ குழு கண்டுபிடிச்சது. பல கேன்சர் செல்கள் பிடி-எல்1னு ஒரு புரதத்த மேல ஏத்தி வச்சுக்கிட்டு, வர்ற டி-செல்லோட பிடி-1ல ஒட்ட வச்சு அத அமுக்கிடும். 2018 மருத்துவ நோபல் ஹோன்ஜோவுக்கும் ஜேம்ஸ் அலிசனுக்கும் போச்சு. அலிசன் வேலை பண்ணது சிடிஎல்ஏ-4னு வேற புரதத்துல. அது இன்னொரு நாளைக்கு.

சாஃப்ட்வேர் கைமெராஎக்ஸ். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், சான் ஃபிரான்சிஸ்கோல செய்றது, படிக்கறவங்களுக்கு இலவசம். லேப்டாப் இல்லைன்னா, புரதங்களோட உருவங்கள சேத்து வைக்கற புரத டேட்டா பேங்க் தளத்துலயே மால்ஸ்டார்னு ஒண்ணு இருக்கு, ஃபோன் பிரவுசர்லயே ஓடும். நான் சொல்ற கமாண்ட் எல்லாம் கீழ அந்தக் கட்டத்துல டைப் ஆகறது தெரியும், பாத்து அடிச்சுக்கோங்க.

முதல்ல ஓப்பன், 4இசட்க்யூகே. இந்த மாதிரி வர்றதெல்லாம் அந்த டேட்டா பேங்க்ல ஒவ்வொரு உருவத்துக்கும் இருக்கற அடையாளக் குறி. மனுஷ பிடி-1, மனுஷ பிடி-எல்1, ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கற படிகம், அதாவது புரதத்த படிகமாக்கி எக்ஸ்ரேல கண்டுபிடிச்ச உருவம். 2015ல வெளியானது. செயின் வாரியா, அதாவது ஒவ்வொரு புரதச் சங்கிலிக்கும் தனித்தனியா, கலர் போட்டுடறேன். நீலம் பிடி-1, ஆரஞ்சு பிடி-எல்1. ரெண்டும் இம்யூனோகுளோபுலின் மடிப்பு, பீட்டா ஷீட், அதாவது தகடு மாதிரி மடிஞ்ச சங்கிலி, ரெண்டு அடுக்கா இருக்கு பாருங்க. ரெண்டும் பக்கவாட்டுல மூஞ்சிய ஒட்டி நிக்குது.

இப்ப காண்டாக்ட்ஸ் கமாண்ட், எது எதத் தொடுதுன்னு கோடு போட்டுக் காட்டும். கோடு கோடா வந்துச்சா? கிட்ட போறேன். இது பிடி-1 சங்கிலியில 134ஆவது அமினோ அமிலம், ஐசோலூசின். இனி வர்ற டைரோசின், ஆஸ்பார்டேட், சிஸ்டீன் எல்லாமும் அமினோ அமிலம்தான். எதிர்ல பிடி-எல்1ல 56, 123 ரெண்டு டைரோசின். ஐசோலூசின் நடுவுல போய் உக்காந்திருக்கு. இந்தப் பக்கம் 68ஆவது டைரோசின், அதோட ஹைட்ராக்சில் எதிர்ல இருக்கற 122ஆவது ஆஸ்பார்டேட்ட பிடிச்சிருக்கு. எம்எல்பின்னு அடிச்சா தண்ணி பிடிக்காத இடமெல்லாம் மஞ்சளாகும். ஒட்டற இடம் பாருங்க, நடுவுல எவ்ளோ மஞ்சள்! அதோட ரொம்பத் தட்டை. பள்ளமே காணோம். சின்ன மருந்து மூலக்கூறு ஒண்ண இங்க நுழைக்க ஆளுங்க ஏன் இவ்ளோ திணறினாங்கன்னு இந்த ஒரு வியூவே சொல்லிடும்.

இங்க எந்த வினையும் நடக்கல, கவனிச்சீங்களா? எதுவும் வெட்டல, எதுவும் உடையல. சும்மா ஒட்டுது. அதுவும் லேசாத்தான், 8 மைக்ரோமோலார் சுமாருக்கு. இந்த எண் குறையக் குறையத்தான் பிடி இறுகும். ஒட்டறதும் கழர்றதுமா இருக்கும்.

அப்படின்னா இந்த ஒட்டறத தடுக்கற கேன்சர் மருந்து எப்படி ஜெயிக்குது? ஓப்பன் 5ஜிஜிஎஸ். பெம்ப்ரோலிசுமாப்ங்கற ஆன்டிபாடியோட ஃபேப் துண்டு, அதாவது பிடிக்கற கை, பிடி-1ஓட சேர்ந்து. 2014ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச மருந்து. மேட்ச்மேக்கர் அடிச்சு ரெண்டு பிடி-1யையும் ஒண்ணு மேல ஒண்ணு பொருத்தறேன். இப்ப பாருங்க, ஆன்டிபாடியும் பிடி-எல்1உம் ஒரே இடத்துல முட்டிக்குது. ரெண்டு பேருக்கு ஒரே சீட்டு. ஆன்டிபாடி பிடிச்சா லேசுல விடாது, அதனால பிடி-எல்1க்கு இடமே கிடையாது.

நிறைய வீடியோ இங்கயே முடிஞ்சிடும். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நாம இவ்ளோ நேரம் பாத்தது செல்லுக்கு வெளிய. சிக்னல் நடக்கறது உள்ள. உள்ள இருக்கற பாகம் எங்க? நீல செயின பிடிச்சுக்கிட்டே வாங்க... இதோ, இங்க முடிஞ்சிடுச்சு. பிடி-1 மொத்தம் 288 அமினோ அமிலம். கடைசி 97 செல்லுக்குள்ள தொங்கற வால். படிகத்துக்காக செஞ்ச துண்டுல அது கிடையவே கிடையாது.

"ஆல்ஃபாஃபோல்ட்ல இருக்குமே"ன்னு கேப்பீங்க. அமினோ அமில வரிசைய வச்சு புரத உருவத்த கணிக்கற கம்ப்யூட்டர் நிரல் அது. இருக்கு, இதோ இறக்கறேன். வெளிப் பாகம் நீலம், நம்பலாம். வால் பாருங்க, ஆரஞ்சும் மஞ்சளுமா அலைஞ்சுக்கிட்டு போகுது. அந்தக் கலருக்கு அர்த்தம், இந்த வடிவத்த நம்பாதேன்னு. இத அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து "பிடி-1ன் முழு அமைப்பு"ன்னு செமினார்ல போடறாங்க. தயவுசெஞ்சு செய்யாதீங்க. அந்த வாலுக்கு நிலையான உருவம் கிடையாது, அதுதான் அதோட குணமே.

ஆனா அதுல ரெண்டு டைரோசின் முக்கியம், 223உம் 248உம். பிடி-எல்1 வந்து ஒட்டினதும் எல்சிகே மாதிரி கைனேஸ்கள், அதாவது பாஸ்பேட் ஒட்டற என்சைம்கள், இதுங்க மேல பாஸ்பேட் வைக்கும். அந்த பாஸ்பேட்ட தேடி வர்ற ஆளுதான் இன்னிக்கு ஹீரோ. எல்லாத்தையும் க்ளோஸ் பண்ணிட்டு, ஓப்பன் 2எஸ்எச்பி.

இது எஸ்எச்பி-2. 1998ல வந்த படிகம், 2 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம்னா மீட்டர்ல ஆயிரம் கோடியில ஒண்ணு), அருமையான தெளிவு. ரெண்டு காப்பி இருக்கு, ஒண்ண மறைச்சிடறேன். மூணு பாகமா கலர் போடறேன். பச்சை, முதல் எஸ்எச்2 டொமைன். டொமைன்னா புரதத்துல தனியா மடிஞ்ச ஒரு பாகம். மஞ்சள், ரெண்டாவது எஸ்எச்2. ரெண்டுக்கும் வேலை பாஸ்பேட் வச்ச டைரோசின பிடிக்கறது. சாம்பல் கலர் பெருசா இருக்கே, அது பாஸ்பட்டேஸ், பாஸ்பேட்ட வெட்டற என்சைம். வெட்டற மையத்துல இருக்கறது 459ஆவது சிஸ்டீன். ஸ்டிக்கா காட்டறேன்.

இப்ப அந்த சிஸ்டீன் முன்னாடி என்ன நிக்குதுன்னு பாருங்க. பச்சை டொமைன்லேர்ந்து ஒரு லூப் நேரா உள்ள இறங்கியிருக்கு. அதோட முனையில 61ஆவது ஆஸ்பார்டேட். தன் விரலையே தன் வாயில வச்சுக்கிட்டு இருக்கற குழந்தை மாதிரி இருக்கு! இந்த என்சைம் சும்மா இருக்கறப்ப தன்னைத்தானே அடைச்சுக்கிட்டுதான் இருக்கும். சர்ஃபேஸ் போட்டு, பச்சைய மறைக்கறேன்... அந்தக் குழி தெரியுது. பச்சைய திரும்பக் காட்டறேன்... போச்சு, அடைஞ்சிடுச்சு. இத நாலஞ்சு தடவ நீங்களே ஆன் ஆஃப் பண்ணிப் பாருங்க, ஒரு சாப்டர் படிச்சதுக்கு சமம்.

பிடி-1 வால்ல இருக்கற பாஸ்பேட் டைரோசின் அந்த எஸ்எச்2 டொமைன பிடிச்சு இழுத்ததும் லூப் வெளிய வந்துடும், என்சைம் திறந்துடும். திறந்த உருவத்துக்கு 6சிஆர்எஃப் போடுங்க. இது இ76கே மியூட்டேஷன், 76ஆவது குளூட்டமேட் இடத்துல லைசின். பச்சை டொமைன் முழுசா அந்தப் பக்கம் போய் உக்காந்திருக்கு, சிஸ்டீன் வெட்டவெளியில. குழந்தைகளுக்கு வர்ற ஜேஎம்எம்எல்ங்கற ரத்தப் புற்றுல இந்த மியூட்டேஷன் பாத்திருக்காங்க.

மார்ஃப் கமாண்ட் போட்டா மூடினதுலேர்ந்து திறந்ததுக்கு அனிமேஷன் வரும். சூப்பரா இருக்கும், ரீல்ஸ்ல போட ஆசையாவும் இருக்கும். ஆனா முதல் ஃப்ரேமும் கடைசி ஃப்ரேமும் மட்டும்தான் சோதனையில வந்தது. நடுவுல இருக்கறதெல்லாம் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு நிரப்பினது. இதோ நிறுத்தறேன் பாருங்க, ஒரு டொமைன் இன்னொண்ணுக்குள்ள புகுந்து போகுது. நிஜத்துல நடக்குமா அது?

திறந்த எஸ்எச்பி-2, பக்கத்துல டி-செல்ல தூண்டி விடற சிடி28, டி-செல் ரிசெப்டர்ங்கற புரதங்கள்கிட்ட இருக்கற பாஸ்பேட்ட வெட்டி எடுத்துடும். 2017ல வந்த ஒரு ஆய்வு, சிடி28தான் முதல் அடி வாங்குதுன்னு காட்டுச்சு. பாஸ்பேட் போனா "போ, அடி"ங்கற செய்தி அங்கயே நின்னுடும். ஆக பிடி-1 தானா யாரையும் தடுக்கல. ஏற்கனவே பூட்டியிருந்த ஒரு என்சைம, சரியான இடத்துக்கு வரவச்சு பூட்ட எடுத்து விடுது, அவ்ளோதான். தடைய நீக்கறதுனால வர்ற தடை. குறுக்குக் கட்டைக்குள்ள இவ்ளோ இருக்கு.

இதுல இன்னொரு வம்பும் இருக்கு. இதே எஸ்எச்பி-2 வேற செல்கள்ல ராஸ் பாதைய தூண்டி விடும், அதாவது வளரச் சொல்ற பக்கம். அதனால இத எப்பவும் மூடியே வைக்கற மருந்து தேடினாங்க, 2016ல நோவார்டிஸ் எஸ்எச்பி099 கொண்டுவந்துச்சு. உங்களுக்கு வீட்டுப் பாடம் அதுதான். ஓப்பன் 5இஎச்ஆர். மருந்து மூலக்கூற செலக்ட் பண்ணி, 5 ஆங்ஸ்ட்ராம் சுத்துல எந்தெந்த டொமைன் வருதுன்னு பாருங்க. அது சிஸ்டீன் பக்கமே போகாது. எங்க உக்காந்திருக்குன்னு கண்டுபிடிச்சு, அங்க உக்காந்துக்கிட்டே எப்படி கதவ மூடி வைக்குதுன்னு ரெண்டு வரி எழுதுங்க. அடுத்த வீடியோவ அதுலேர்ந்தே ஆரம்பிக்கறேன். ஃபேன் இன்னும் கத்தறதுக்குள்ள சர்ஃபேஸ ஆஃப் பண்ணிடறேன். பை மக்களே.