முருங்கைக்காய்க்கு எந்த ஊரு?

மார்கழி மாசம் எங்க மெஸ்ல சாப்ட்டுட்டு "என்ன அண்ணே, சாம்பார்ல முருங்கைக்காயே காணோம்"னு கேக்குற தம்பிங்க நாலஞ்சு பேர் பின்னாடி வரிசையில உக்காந்திருக்காங்க, தெரியுது. அவங்க எல்லாருக்கும் சேத்து ஒரே தடவையா பதில் சொல்லிடலாம்னுதான் நூலகத்துல பேசக் கூப்பிட்டதும் சரின்னுட்டேன்.

நான் பேச்சாளர் இல்லீங்க. திருவல்லிக்கேணியில மெஸ் நடத்துறவன். 22 வருஷமா வாரத்துல மூணு நாள் ராத்திரி ரெண்டரை மணிக்கு எழுந்து கோயம்பேடு காய் மார்க்கெட்டுக்குப் போறேன், மிச்ச நாளு பக்கத்துல ஜாம்பஜார், ஞாயித்துக்கிழமைன்னா மீன் வாங்க காசிமேடு. எங்கப்பா காலத்துல எல்லாம் கொத்தவால்சாவடி, அந்த சந்துக்குள்ள லாரியும் மாடும் ஆளும் ஒண்ணா சிக்கி நிக்கும்னு சொல்லுவாரு, அந்த நெரிசல் தாங்காமத்தான் 1996ல கோயம்பேட்டுக்கு மாத்தினாங்க, 295 ஏக்கர். அப்பா எனக்கு சொல்லிக் குடுத்தது ஒண்ணே ஒண்ணு. எவ்வளவுன்னு அப்புறம் கேளு, முதல்ல எந்த ஊருன்னு கேளு.

ஏன்னா காய்க்கு ஊர் மாறும்ங்க. வெயில் காலத்துல முருங்கைக்காய் ஒட்டன்சத்திரம், தேனி, தூத்துக்குடி பக்கம் இருந்து கட்டு கட்டா வந்து கொட்டும், மெஸ்ல பொரியல், கூட்டு, சாம்பார்னு மூணு வேளையும் போட்டு நீங்களே "போதும் அண்ணே"ன்னு கும்பிடுவீங்க. ஐப்பசி, கார்த்திகை மழை பெஞ்சு, பின்னாடியே பனி இறங்கினா மரத்துல பூ நிக்காது, உதிர்ந்துடும். பூ இல்லேன்னா காய் எங்கேர்ந்து வரும்? அப்போ கோயம்பேட்டுல நிக்கிற காய் குஜராத்துல, மகாராஷ்டிரால இருந்து லாரி ஏறி வந்தது. கிலோ 300 ரூபாயத் தாண்டின வருஷமும் உண்டு. அந்த விலைக்கு வாங்கி சாம்பார்ல ஆளுக்கு ஒரு துண்டு போட்டாக்கூட நான் மெஸ்ஸை மூடிட்டு ஊருக்குப் போகணும். இதான் தம்பி பதில்.

தக்காளி கதையும் இதேதான், ஆனா அது இன்னும் அடம் புடிச்ச ஆளு. நம்ம ஊருக்கு பெரும்பாலும் கோலார், மதனப்பள்ளி பக்கத்துலேர்ந்து வருது, அங்க மழை பெஞ்சா இங்க ரசம் தண்ணியாகும். 2023 ஜூலையில கிலோ 100ஐத் தாண்டிப் போச்சே, ஞாபகம் இருக்கா, ரேஷன் கடையில 60 ரூபாய்க்கு அரசாங்கமே வித்துது, அந்த ஒரு மாசம் நான் புளியைக் கரைச்சு கரைச்சு கை வெளுத்துப் போச்சு. ஒரு வயசான கஸ்டமர் மட்டும் "இப்பத்தான்யா ரசம் ரசமா இருக்கு"ன்னாரு.

மீனுக்கு வருவோம், இதுல நான் அடி வாங்கியிருக்கேன். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் நம்ம கடல்ல தடைக்காலம், மீன் முட்டை போட்டு பெருகணும்னு விசைப்படகை எல்லாம் நிறுத்திடுவாங்க. 2001ல ஆரம்பிச்சப்போ 45 நாளு, 2017லேர்ந்து 61 நாளு. காசிமேட்டுல போட்டெல்லாம் வரிசையா கட்டிக் கிடக்கும், வலை பின்னிக்கிட்டு, பெயின்ட் அடிச்சுக்கிட்டு இருப்பாங்க. கரையோரம் போயிட்டு வர்ற ஃபைபர் படகு மட்டும் உண்டு, அதுல வர்றது நெத்திலி, கவளை, கொஞ்சம் சங்கரா, அவ்ளோதான், ஆனா எல்லாம் அன்னன்னிக்குப் புடிச்சது. பெரிய மீன் வேணும்னா கேரளா பக்கத்துலேர்ந்து ஐஸ்ல வரும். அங்க தடை ஜூன்லதான் ஆரம்பிக்கும், அதனால மே மாசம் வரைக்கும் பிரச்சனை இல்ல. ஜூன் ரெண்டாவது வாரம்தான் சிக்கல், இங்க இன்னும் திறக்கல, அங்க மூடியாச்சு. அப்படி ஒரு வாரத்துல, ஒரு விசேஷ ஆர்டருக்காக நான் அவசரத்துல வஞ்சிரம் வாங்கிட்டேன், எந்த ஊருன்னு கேக்கவே இல்ல, செவுளைக்கூட தூக்கிப் பாக்கல. வீட்டுக்கு வந்து வெட்டினா சதை பஞ்சு மாதிரி. எத்தனை நாளு ஐஸ்ல கெடந்துச்சோ. ஆறு கிலோ, அப்படியே குப்பையில. அப்பா உயிரோட இருந்திருந்தா ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாரு, அந்தப் பார்வை ஒண்ணு போதும்.

அதே காசிமேடு புரட்டாசியில வேற மாதிரி. கடல்ல மீன் இருக்கு, படகும் போகுது, வாங்கத்தான் ஆள் இல்ல, பாதி ஊரு விரதம். நம்ம மெஸ்லயும் அசைவம் படுத்துடும், ஆனா விரதம் இல்லாதவங்களுக்கு நல்ல மீன் குறைஞ்ச விலையில கிடைக்கிறது அப்போதான், இதை நான் வெளியில சொல்றதில்ல, இன்னிக்கு சொல்லிட்டேன்.

மாம்பழம் பத்தி பேசலேன்னா விடமாட்டீங்க. முதல்ல செந்தூரா தலையைக் காட்டும், அப்புறம் ஆந்திராவுலேர்ந்து பங்கனப்பள்ளி, சேலம், கிருஷ்ணகிரி வரத்து, நடுவுல பணக்காரங்களுக்கு இமாம் பசந்த், கடைசியா நீலம். நான் ருமானி கட்சி. உருண்டையா, மெல்லிசு தோலோட ஆப்பிள் மாதிரி இருக்குமே, அது. எல்லாரும் மாம்பழம் தின்னு அலுத்துப்போன நேரத்துல வரும், அதனால அதுக்கு மரியாதை கம்மி. சீசன் ஆரம்பத்துல ஆசைப்பட்டு வாங்காதீங்க, கல்லு வெச்சுப் பழுக்க வெச்சதா இருக்கும். கார்பைடு கல்லுக்குத் தடைதான், அதிகாரிங்க வந்து பழத்தை அள்ளிக்கிட்டுப் போறதும் வருஷா வருஷம் நடக்குது, அடுத்த வருஷமும் நடக்குது. மேல மட்டும் மஞ்சளா பளபளன்னு, காம்புகிட்ட வாசனையே இல்லேன்னா வெச்சுட்டு வந்துடுங்க.

இது வரைக்கும் சொன்னதெல்லாம் ஊர் மாறுற சரக்கு. காசு இருந்தா மார்கழியிலயும் முருங்கைக்காய் உண்டு. இன்னொரு வகை இருக்கு, அதுக்கு மாத்து ஊரே கிடையாது, மாசம் முடிஞ்சா முடிஞ்சுது. பனையைப் பாருங்க. சித்திரை, வைகாசியில நுங்கு. வெட்டாம விட்ட காய் ஆடி, ஆவணியில பழமா விழும், அந்தக் கொட்டையை மண்ணுல புதைச்சு வெச்சா தையில பனங்கிழங்கு. ஒரே மரம் மூணு தடவை சந்தைக்கு வருது, எந்த கோல்டு ஸ்டோரேஜும் வேணாம். பொங்கலுக்கு முன்னாடி கோயம்பேட்டுல தனியா சந்தை போட்டு கரும்பு, மஞ்சக்கொத்து, இஞ்சிக்கொத்து மலையா குவிஞ்சு கிடக்கும், பொங்கல் முடிஞ்ச மறுநாளு போங்க, கரும்பு சோகையைத் தவிர ஒண்ணும் இருக்காது. பிள்ளையார் சதுர்த்தி விளாம்பழமும் அப்படித்தான். வேப்பம்பூவை பங்குனி கடைசியில பொறுக்கிக் காயவெச்சாத்தான் வருஷம் பூரா ரசம்.

ஆப்ல ஆர்டர் பண்றீங்க, பத்து நிமிஷத்துல வருது, நல்லதுதான், எனக்கே உடம்பு முடியலேன்னா பையன் அப்படித்தான் வாங்குறான். ஆனா அந்தப் பொட்டலத்துகிட்ட எந்த ஊருன்னு கேக்க முடியாதே.

2020 மே மாசம் கொரோனாவுல கோயம்பேட்டை மூடி திருமழிசைக்கு மாத்தினப்போ அந்த மண் தரையில சேத்துல நின்னு வாங்கினோம், அதைப் பேச ஆரம்பிச்சா ராத்திரி ஆயிடும், செப்டம்பர்ல திரும்ப கோயம்பேட்டுல காய் மார்க்கெட் திறந்த அன்னிக்கு மூட்டை தூக்குற அண்ணன் ஒருத்தர் என்னைப் பாத்து "உயிரோடத்தான் இருக்கியா"ன்னு கட்டிப்புடிச்சாரு, அது போதும்.

மணி ஆயிடுச்சு, நான் சீக்கிரம் படுக்கணும். இது மாசி மாசம், மாவடு வந்தாச்சு. பார்த்தசாரதி கோயில் பக்கம் ஒரு அம்மா கூடையில வெச்சு படியில அளந்து குடுக்குது. காலையில ஆறு மணிக்குள்ள போனா உருண்டை வடு கிடைக்கும். ஏழுக்கு மேல போனீங்கன்னா மிச்சம் கெடக்குறது கிளிமூக்குதான், அதையும் விடாதீங்க, விளக்கெண்ணெய் தடவி உப்புல போட்டா அதுவும் நல்லாத்தான் ஊறும்.