படத்தில் இருப்பவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

உள்ளூர் வரலாற்று அருங்காட்சியகம் ஒன்றில் பதிவேடு எழுதுகிறவள் நான். ஒரு பொருள் உள்ளே வந்தால் அதற்கு எண் போடுவது, யார் கொடுத்தார், எப்போது கொடுத்தார் என்று குறித்துவைப்பது, தூசி தட்டி உரிய இடத்தில் வைப்பது என் வேலை. அந்த மேசையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதில் கொஞ்சத்தை இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

எங்கள் அலமாரியில் ஒரு பித்தளை மணி இருக்கிறது. அதன் கைப்பிடி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாகியிருக்கிறது. பல ஆண்டுகள் ஒரே விதமாகப் பிடித்து அடித்திருந்தால்தான் அப்படித் தேயும். பள்ளிக்கூடத்து மணியா, தொழிற்சாலை மணியா, படகுத்துறையில் அடித்ததா, எங்களுக்குத் தெரியாது. கொண்டுவந்து கொடுத்தவருக்குத் தெரிந்திருக்கும். அன்று வாங்கி வைத்துக்கொண்டோமே தவிர அவரிடம் எதுவும் கேட்கவில்லை. பிறகு கேட்கலாம் என்று இருந்துவிட்டோம். அவர் காலமாகிவிட்டார். பதிவேட்டில் அதற்கு நேரே ‘மணி, பித்தளை, ஒன்று’ என்று மட்டும் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

அரசர்களின் வாளும் கிரீடமும் வைத்திருக்கும் பெரிய கூடங்களில் பொருளின் அழகே பார்ப்பவரை நிறுத்திவிடும். எங்களைப் போன்ற சிறிய கூடங்களில் இருப்பவை சாவி, தராசு, தையல் இயந்திரம், மதிப்பெண் அட்டை. பழைய சாமான் எடுப்பவரிடம் போட்டால் எடைக்குத்தான் போகும். அவற்றை வரலாறாக்குவது அவற்றோடு சேர்ந்து வரும் பேச்சு. ஆகவே பொருளை வாங்கும் அன்றே அந்தப் பேச்சையும் வாங்கிவிட வேண்டும். மணி கற்றுத்தந்த பாடம் இது.

இப்போது யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் உட்காரச் சொல்கிறோம். ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு கேட்கிறோம். இது வீட்டில் எந்த இடத்தில் இருந்தது? யார் கையில் அதிகம் புழங்கியது? பழுதானால் யார் சரிசெய்தார்? உங்கள் வீட்டில் இதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் முகம் மலரும். அகராதியில் இல்லாத சொற்களெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்கிறோம். பேச்சுவழக்கை நாங்கள் திருத்துவதில்லை. பொருள் எந்த நிபந்தனையில் எங்களிடம் வருகிறது, நிரந்தரமாகவா, இரவலாகவா என்பதை எழுத்தில் வாங்கிக் கையெழுத்தும் பெறுகிறோம். பின்னால் குடும்பத்தில் யாருக்கும் வருத்தம் வரக்கூடாது அல்லவா?

பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் அன்பே பல நேரம் கேடு செய்துவிடுகிறது. ஒரு குடும்பத்தார் தாத்தா எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்தார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்திருந்தார்கள். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் காகிதத்தின் இழையோடு ஒட்டிக்கொண்டால் பிரிப்பது மிகக் கடினம். உள்ளே காகிதம் பழுக்கத் தொடங்கினாலும் வெளியே நின்று பார்க்கத்தான் முடியும். செலோடேப்பும் அப்படித்தான், பசை மஞ்சளித்துக் கறையாக இறங்கிவிடும். கடிதத்தை அமிலமில்லாத காகித உறையில், மடிப்பை விரித்து, இருட்டில் வைத்தாலே போதும். புகைப்படத்தின் பின்னால் எழுத வேண்டுமென்றால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை படத்தின் மறுபக்கம் ஊறிவிடும்.

வெளிச்சம் செய்த கேட்டைத் திருப்ப முடியாது. சாயம் போன துணியைத் திரும்ப இருட்டில் வைத்தாலும் நிறம் வராது. அதனால்தான் துணி, பழைய காகிதம் வைத்த அறைகளில் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மட்டுமே விளக்கு போடுகிறோம். ‘இவ்வளவு மங்கலாக இருக்கிறதே’ என்று வருகிறவர்கள் கேட்பார்கள். இரண்டு நிமிடம் நின்றால் கண் பழகிவிடும். துணியில் அந்துப்பூச்சி இருந்தால் மருந்து அடிக்காமலே தீர்க்க ஒரு வழி உண்டு. பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் மூடி, சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி குளிரில் ஒரு வாரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரித்துவிடக்கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் துணியிலேயே நீர் கோத்துக்கொள்ளும்.

எளிய மக்களின் பொருளைச் சேர்த்துவைக்கும் வழக்கத்துக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் சுவீடன் நாட்டு ஆர்தர் ஹசேலியஸ். 1872-இல் கிராமப்புறங்களில் பயணம் செய்தபோது, மக்கள் தலைமுறை தலைமுறையாக உடுத்திவந்த உடைகளும் கைவேலைப் பொருள்களும் தொழில்மயத்தால் மறைந்துகொண்டிருப்பதைப் பார்த்துச் சேகரிக்கத் தொடங்கினார். 1891-இல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சன் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் திறந்தார். வீடுகளையே பிரித்து எடுத்துவந்து அங்கே மறுபடி கட்டினார்கள். அதற்குப் பிறகு உலகெங்கும் பலர் அவர் வழியில் போனார்கள்.

ஆனால் சேர்த்துவைத்தால் மட்டும் போதுமா? அந்தப் பொருளைப் பற்றிப் பேசுவது யார்? 1967-இல் வாஷிங்டன் நகரின் அனகோஸ்டியா பகுதியில், கறுப்பின மக்கள் வாழ்ந்த இடத்தில், பழைய திரையரங்கு ஒன்றில் ஓர் அருங்காட்சியகம் தொடங்கியது. அதை நடத்திய ஜான் கினார்ட் அந்த வட்டாரத்து மக்களின் பேச்சுக்குக் காது கொடுத்தார். அவர்கள் அன்றாடம் பட்ட அவதிகளில் ஒன்று எலித்தொல்லை. 1969-இல் எலிகளைப் பற்றியே ஒரு கண்காட்சி வைத்தார்கள். எலியா அருங்காட்சியகப் பொருள் என்று கேட்கத் தோன்றும். அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது வாழ்க்கை. எனக்கு மிகப் பிடித்த கண்காட்சி அது, நான் கண்ணால் பார்க்காவிட்டாலும்.

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்று ஒரு பகுதி இருந்தது. பல இனத்தவர் கலந்து வாழ்ந்த இடம். 1966-இல் அதை வெள்ளையருக்கு மட்டுமான பகுதி என்று அரசு அறிவித்தது. 60,000-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். 1994-இல் ஒரு பழைய தேவாலயத்தில் அந்த மக்கள் தங்கள் அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். அதன் தரையில் இடிக்கப்பட்ட பகுதியின் பெரிய வரைபடம் விரிந்திருக்கிறது. வருகிறவர்கள் குனிந்து தங்கள் தெருவைத் தேடி, தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதினார்கள். நீளமான துணியிலும் தங்கள் பெயரையும் நினைவுகளையும் எழுதினார்கள். அந்த எழுத்தின்மேல் பிறகு பூத்தையல் போட்டார்கள். தெருப்பெயர்ப் பலகைகளும் அங்கே தொங்குகின்றன. இடிப்பு வேலையில் இருந்த ஒருவரே அவற்றைத் தூக்கி எறியாமல் தன்னிடம் வைத்திருந்தார். அங்கே காட்சிக்கு உரியவர்களே கதை சொல்லிகளும்.

2022-இல் செக் நாட்டின் பிராகா நகரில் கூடிய பன்னாட்டு அருங்காட்சியகக் குழு, அருங்காட்சியகம் என்பதற்கான வரையறையைத் திருத்தியபோது சமூகங்களின் பங்கேற்பு என்ற சொல்லையும் சேர்த்தது. அனகோஸ்டியா மக்கள் 1960-களிலேயே அதைச் செய்து காட்டிவிட்டார்கள்.

இதை மனதில் வைத்து நாங்கள் செய்த ஒரு சிறு முயற்சி. ஒரு தொழிற்கூடத்தின் பழைய குழுப் படம் எங்களிடம் வந்தது. கொடுத்தவருக்குத் தன் அப்பாவை மட்டும்தான் அடையாளம் தெரிந்தது. பின்பக்கம் வெற்றாக இருந்தது. படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டி, ஒவ்வொருவர் மேலும் எண் போட்டோம். பக்கத்தில் 1 முதல் 34 வரை கோடு போட்ட தாள், நூலில் கட்டிய ஒரு பென்சில். தெரிந்தவர் பெயரை எழுதுங்கள் என்று வைத்தோம்.

பெயர்கள் வரத் தொடங்கின. ஒருவர் எழுதியதை இன்னொருவர் அடித்துத் திருத்தினார். இருவரையும் ஒரே நாளில் வரவழைத்துப் படத்தின் முன்னால் நிறுத்தினோம். ஒரு மணி நேரம் பேசித் தீர்த்துக்கொண்டார்கள், எங்களுக்கு இன்னும் ஐந்து பெயர் கிடைத்தது. 17-ஆம் எண் மட்டும் மங்கல். படம் எடுக்கும்போது அசைந்துவிட்டார் போலிருக்கிறது, முகமே தெரியவில்லை. ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

“இது எங்க அண்ணன்” என்றார்.

“முகம் தெரியலையேம்மா, எப்படிச் சொல்றீங்க?”

“முகம் எதுக்கு? தோளைப் பாருங்க. இடது தோள் இறங்கியே இருக்கும். சின்ன வயசுலயே மூட்டை தூக்கப் போயிட்டாரு.”

அதைக் கேட்ட பிறகுதான் நாங்கள் அந்தத் தோளைப் பார்த்தோம். அதுவரை பத்து முறையாவது அந்தப் படத்தைத் துடைத்திருப்பேன்.

பள்ளி மாணவர்கள் வந்த ஒரு நாள், ஒரு சிறுமி படத்தின் வலது ஓரத்தைக் காட்டி, “இவங்களுக்கு மட்டும் ஏன் நம்பர் இல்லை?” என்று கேட்டாள். ஓரத்தில் ஒரு பெண். பாதி உடல் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. கையில் துடைப்பம். வரிசையில் நிற்பவர்களை மட்டும் எண்ணியிருந்தோம், அவரைப் பின்புலம் என்று நினைத்துவிட்டோம். எளிய மக்களின் வரலாற்றைச் சேர்க்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நாங்களே அப்படிச் செய்தோம். அன்றைக்கே அவர்மேல் 35 என்று எழுதி, தாளில் இன்னொரு கோடு போட்டோம்.

அந்தக் கோடு இன்னும் காலியாக இருக்கிறது. பென்சிலைச் சீவி வைத்திருக்கிறோம்.

நன்றி, வணக்கம்.