கொடைக்கானலுக்கு மே மாதம் வேண்டாமே

நேயர்களுக்கு வணக்கம்.

கத்திரி வெயில் தொடங்கியதும் புதுச்சேரியில் கொடைக்கானல் பேச்சு வந்துவிடும். போங்கள், தாராளமாக. ஆனால் மே மாதத்தை விட்டுவிட்டு, பொங்கல் முடிந்து தை, மாசியில் போங்கள். குளிர் கடுமைதான், ஸ்வெட்டர் போதாது, கம்பளியே வேண்டும். வானமோ பளிச்சென்று இருக்கும்.

மே மாதக் கூட்டம் எவ்வளவு என்றால், உயர் நீதிமன்றமே தலையிட வேண்டியதாயிற்று. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வண்டியில் போக இ-பாஸ் கட்டாயம். நம் புதுச்சேரி பிஒய் நம்பர் வண்டிக்கும்தான். 2025 கோடையில் வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பும் போட்டார்கள். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால், விழுப்புரத்தில் ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி, விடியும் முன் கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடியுங்கள்.

போனதும் எல்லோரும் படகுக்கு ஓடுவார்கள். நான் ஏரியைச் சுற்றி நடக்கச் சொல்வேன், அதுவும் காலையில். ஐந்து கிலோமீட்டர்தான். அது தானாக அமைந்த ஏரி இல்லை. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் ஓடைக்குக் கரை கட்டி, சதுப்பு நிலத்தில் தண்ணீரைத் தேக்கினார். தண்ணீர் பள்ளங்களுக்குள் புகுந்து நின்றதால்தான் நட்சத்திரம் மாதிரி கைகளை நீட்டியிருக்கிறது. நம் ஊசுட்டேரியோடு பார்த்தால் சின்னது, 24 ஹெக்டேர். ஆனால் ஊசுட்டேரியில் ஒரு கரையில் நின்றாலே பரப்பு முழுதும் விரியும். இங்கே ஒவ்வொரு வளைவும் திரும்பினால்தான் அடுத்த பகுதி தெரியும். நடக்கச் சொல்வது அதனால்தான். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் மலைப்பாதையில் வெள்ளி அருவியாக விழுகிறது. வரும்போது பஸ் ஜன்னலில் பார்த்தீர்களே, அதேதான்.

1899இல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடமும் இங்கே இருக்கிறது. சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கம் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்தது இங்கேதான். மலை விளிம்பு நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் மூடுபனி இருந்தால் பள்ளத்தாக்கு எதுவும் தெரியாது, காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள். பூ பார்க்கும் ஆசையில் குறிஞ்சியைக் கேட்காதீர்கள். 2018இல் பூத்தது, அடுத்து 2030தான்.

மிச்ச நேரத்தைப் பக்கத்து மலைக் கிராமமான பூம்பாறைக்குக் கொடுங்கள். படிப்படியான வயல், குழந்தை வேலப்பர் கோயில், அப்புறம் பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரம் அதிகம், வாங்கி வரலாம். சாயங்காலம் பனி இறங்கினால் ரோடு தெரியாது, அதற்குள் கொடைக்கானல் திரும்பிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.