கிரீவஸ்: எந்தக் காயம் கொடுங்காயம்?

அனைவருக்கும் வணக்கம். 'grievous' என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்ப்போம். முதலில் உச்சரிப்பு. பலரும் 'கிரீவியஸ்' என்கிறோம். எழுதும்போதும் 'v'க்குப் பின் இல்லாத ஓர் 'i'யை நுழைத்துவிடுகிறோம். 'கிரீவஸ்' என்பதே சரி. கனமானது என்று பொருள்படும் 'கிராவிஸ்' என்ற லத்தீன் சொல்தான் வேர். பொது ஆங்கிலத்தில் இழப்பு, அநீதி, தவறு ஆகியவற்றுக்கு அடைமொழியாக வரும். சளி, தலைவலிக்கெல்லாம் போட்டால் சிரிப்பார்கள்.

ஆனால் வழக்கு என்று வந்துவிட்டால், காயத்தைப் பார்த்து நாம் பதறுவதற்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை. இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவு 8 வகைகளைச் சொல்கிறது. அதற்குள் வந்தால் கொடுங்காயம், அதாவது 'கிரீவஸ் ஹர்ட்'. வராவிட்டால் சாதாரணக் காயம். ஆண்மையிழப்பு, ஒரு கண்ணின் பார்வையோ ஒரு காதின் கேள்வியோ நிரந்தரமாகப் போவது, உறுப்போ மூட்டோ இழப்பது அல்லது நிரந்தரமாகச் செயலிழப்பது, தலையிலோ முகத்திலோ மாறாத விகாரம் என்பவற்றில் சிக்கல் குறைவு. தகராறெல்லாம் கடைசி இரண்டில்தான்.

ஏழாவது, எலும்போ பல்லோ முறிவது, இடம்பெயர்வது. தொடையில் அரையடி நீள வெட்டு, தையல் போட்டுப் பத்தே நாளில் ஆறினால் அது பெரும்பாலும் சாதாரணக் காயம். சுண்டுவிரல் எலும்பில் விரிசல் விழுந்தால் கொடுங்காயம்! எலும்பு இரண்டாகத் துண்டாக வேண்டியதில்லை, விரிசலே போதும் என்று ஹோரிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே எக்ஸ்ரே வரும்வரை மருத்துவர் தன் காயச் சான்றிதழில் கருத்தை நிறுத்திவைப்பதே முறை. பல் விழுந்திருந்தால் ஈறு நோயால் முன்பே ஆடிக்கொண்டிருந்ததா என்றும் பார்த்து எழுத வேண்டும்; குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

எட்டாவது, உயிருக்கு ஆபத்தான காயம், அல்லது 15 நாள் கடும் வலியிலோ அன்றாட வேலை செய்ய முடியாமலோ கிடத்தும் காயம். ஆஸ்பத்திரியில் 15 நாள் படுத்திருந்தார் என்பது மட்டும் போதாது. வேலை செய்ய முடிந்ததா, வலி எப்படி இருந்தது என்பது பதிவாக வேண்டும். மருத்துவர் காரணம் எழுதாமல் 'கிரீவஸ்' என்று ஒற்றைச் சொல்லோடு கையெழுத்துப் போட்டால் கூண்டில் நிற்காது.

வேண்டுமென்றே விளைவித்த சாதாரணக் காயத்துக்கு ஓராண்டு வரை சிறை. கொடுங்காயத்துக்கு 7 ஆண்டு வரை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவில் இந்த 15 நாள், 20 நாளாக இருந்தது. புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1க்கு முன் நடந்த சம்பவத்துக்கு அந்த 20 நாள் கணக்கே செல்லும். எனவே சம்பவத் தேதியைப் பார்த்துவிட்டு நாளை எண்ணுங்கள்.