போலியோவும் போலியும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் நகரியில் தையல்கடை வைத்திருக்கிறேன். இடது காலில் போலியோ. மூன்று வயதில் காய்ச்சல் வந்தது, காய்ச்சல் போனது, கால் மட்டும் திரும்பவில்லை என்று அம்மா சொல்வாள். இரும்புக் காலிப்பர் போட்டு நடக்கிறேன். மிஷினை மிதிக்க முடியாது, அதனால் மோட்டார் வைத்திருக்கிறேன். இந்த வானொலியில் பேச என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று முதலில் எனக்கே புரியவில்லை. அப்புறம் புரிந்தது. 2025 ஆகஸ்டில் எங்கள் பக்கத்தில் ஊனமுற்றோர் பென்ஷன் நோட்டீஸ் வந்தபோது, அதைப் படித்துக்காட்டச் சொல்லி ஆட்கள் வந்து நின்ற இடங்களில் என் கடையும் ஒன்று.

நோட்டீஸ் தெலுங்கில் இருந்தது. நகரி, ஏகாம்பரகுப்பம் பக்கம் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு போனது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். பேச்சுத் தெலுங்கு எல்லோருக்கும் வரும். ஆனால் சர்க்கார் தெலுங்கைப் படிப்பது வேறு. நான் எட்டாவது வரை தெலுங்கில் படித்தவன். ஆகவே கத்தரிக்கோலை வைத்துவிட்டு நோட்டீஸ் படிப்பது சில வாரங்கள் என் வேலையாகிவிட்டது.

விஷயத்தைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். ஆந்திராவில் ஊனமுற்றோர் பென்ஷன் மாதம் 3,000 ரூபாயாக இருந்தது. ஆட்சி மாறி, 2024 ஜூலை 1ஆம் தேதி 6,000 ரூபாயாகக் கையில் கொடுத்தார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு 15,000. முதியோருக்கு 4,000. ஒண்ணாந்தேதி காலையில் சசிவாலயத்து ஆள், அதாவது ஊர்ச் செயலகத்து ஊழியர், வீட்டுக்கே வந்து, ரேகை வாங்கிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் பள்ளிப்பட்டில் என் சித்தி மகன் இருக்கிறான், அவனுக்கும் கால் ஊனம்தான். தமிழ்நாட்டில் வருவாய்த் துறை வழியாக வரும் உதவி 2023 ஜனவரியில்தான் 1,000த்திலிருந்து 1,500 ஆனது. "ஆந்திரா மாதிரி 6,000 கொடு" என்று அவர்கள் அங்கே மறியல் செய்தார்கள். "உன் ஊரில் பிறந்திருக்கலாம் அண்ணே" என்பான். டில்லி கொடுக்கும் பங்கைச் சொன்னால் சிரிப்பீர்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்து, 80 சதவீத ஊனமும் இருந்தால் மாதம் 300 ரூபாய். 2012இல் வைத்த தொகை.

ஒன்றைக் கவனித்தேன். பென்ஷன் 3,000 ஆக இருந்தவரை எங்கள் தெருவில் யாரும் யாருடைய காலையும் பார்க்கவில்லை. 6,000 ஆனதும் ஊரே டாக்டர் ஆகிவிட்டது. "அவனுக்கா ஊனம்? நேற்று சைக்கிளில் போனானே." "அவள் இடுப்பில் குடம் தூக்குகிறாளே." டீக்கடையில் ஒரு தறி முதலாளி சொன்னார், "ஆறாயிரம் கொடுத்தா யாருக்குத்தான் கால் நொண்டாது?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான் காலிப்பர் போட்டவன், என்னைச் சொல்லவில்லை என்ற தைரியம்.

2025 ஜனவரியில் மறுபரிசோதனை தொடங்கியது. சர்க்கார் சொன்ன காரணம், பொய்ச் சான்றிதழ்கள் ஏராளம் என்பது. அது வெறும் சாக்கு என்று நான் சொல்லமாட்டேன். புரோக்கர் வைத்து சதரம் வாங்கியவர்களை எனக்கே தெரியும். சதரம் என்பது எங்கள் பக்கம் ஊனச் சான்றிதழுக்குப் பெயர். ஆங்கில எழுத்துகளைக் கோத்து ஒரு கம்ப்யூட்டர் திட்டத்துக்கு வைத்த பெயர், இன்று ரேஷன் கார்டு மாதிரி ஊர்ச்சொல் ஆகிவிட்டது. "உனக்கு சதரம் எவ்வளவு?" என்று கேட்டால் எத்தனை சதவீதம் என்று அர்த்தம். 40க்குக் கீழே போனால் பென்ஷன் இல்லை.

எனக்கும் அழைப்பு வந்தது. ஓர் அரசு மருத்துவமனை, ஊர் பெயர் வேண்டாம். காலை ஏழு மணிக்குப் போனோம், மதியம் இரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். என்னோடு வந்த மகனுக்கு ஒரு நாள் தறிக்கூலி போயிற்று. வராந்தாவில் நாற்காலி பத்து இருக்கும், ஆட்கள் நூறு பேருக்கு மேல். கால் இல்லாதவர்களை நிற்க வைத்து, காது கேளாதவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே டாக்டர் சின்னப் பையன். மரியாதையாகத்தான் பேசினார். மல்லாந்து படுக்கச் சொல்லி, இஞ்ச் டேப்பை எடுத்தார். நாற்பது வருஷமாக மற்றவர்களை அளவெடுத்தவன் நான். என்னை ஒருவர் டேப் வைத்து அளந்தது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து கணுக்காலின் உள்பக்க எலும்பு வரை. டேப் கொஞ்சம் தொய்ந்திருந்தது. "சார், டேப்பை இழுத்துப் பிடிங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டு மறுபடி அளந்தார். ஒரு கால் குட்டையாக இருந்தால் அதற்குக் கணக்கு இருக்கிறதாம். முதல் அரை அங்குலத்துக்கு ஒன்றுமில்லை, அதற்கு மேல் ஒவ்வொரு அரை அங்குலத்துக்கும் 4 சதவீதம். மூன்று அங்குலம் குட்டை என்றால் 20 சதவீதம்தான். அதோடு தசை பலம், மூட்டு மடங்கும் அளவு எல்லாம் சேர்ப்பார்கள். சேர்ப்பதும் நேர்க்கூட்டல் இல்லை, அதற்கொரு சூத்திரம். கடைசியில் நான் தப்பித்தேன். முன்பு இருந்ததைவிடச் சில சதவீதம் குறைந்தாலும் 40க்கு மேலேயே நின்றேன்.

தப்பித்தேன் என்ற சொல்லைப் பாருங்கள். அறுபதை எட்டியவன், காலில் இரும்பு கட்டியவன், "இன்னும் ஊனமாகத்தான் இருக்கிறேன்" என்று சந்தோஷப்பட்டு வெளியே வருகிறேன். வராந்தாவில் ஒருவர் "எவ்வளவு வந்தது?" என்று கேட்டார். பரீட்சை மார்க் மாதிரி சொன்னேன்.

ஆகஸ்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தகுதி இல்லை என்று நோட்டீஸ் போனது. சிலருக்குப் பென்ஷன் நிறுத்தம். சிலருக்கு 15,000 இருந்தது 6,000 ஆகும் என்று தாள். தசை வலுவிழந்து, திரும்பிப் படுக்கக்கூட ஆள் வேண்டிய ஒரு பையனின் அம்மா அப்படி ஒரு தாளோடு வந்தாள். முன்பு அவள் தறியில் நாடா போட்டுக்கொண்டிருந்தவள், 15,000 வந்ததால் வேலையை விட்டுவிட்டு மகனோடு இருந்தாள். நான் படித்து முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்டாள். "அண்ணே, இவன் கொஞ்சம் நல்லாயிட்டான்னு போட்டிருக்காங்களா?" இல்லையம்மா, சதவீதத்தைத்தான் போட்டிருக்கிறார்கள் என்றேன். அவள் முகத்தில் அப்போது வந்து போனது ஏமாற்றமா நிம்மதியா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஊர் என்ன சொன்னது என்று கேட்பீர்கள். இரண்டாகத்தான் சொன்னது. "வேணும், பொய்ச் சதரம் வாங்கினவனுக்கெல்லாம் வேணும்" என்று பாதி. "ஒருத்தன் பொய் சொன்னதுக்கு ஊர்ச் சப்பாணியெல்லாம் க்யூவில் நிக்கணுமா" என்று பாதி. வேடிக்கை, பல பேர் காலையில் முதலாவதையும், தன் வீட்டுக்கு நோட்டீஸ் வந்த பிறகு சாயந்திரம் இரண்டாவதையும் சொன்னார்கள். தெலுங்கில் போகஸ் என்பார்கள், நாம் போலி என்போம். போலியோ வந்தவனைப் போலி என்று சொல்ல நம் தமிழில் ஓர் எழுத்தை விட்டால் போதும்.

நானும் அந்தப் பாவத்தைச் செய்தவன். எங்கள் தெருவில் ஓர் இளைஞன், நிமிர்ந்து நடப்பான். கை கால் சுகம். அவனுக்குப் பென்ஷன் வருகிறது என்று கேட்டதும் கடையில் உட்கார்ந்து நானே பேசியிருக்கிறேன். பிறகு ஒரு நாள் கடைப் படியில் முழங்காலை இடித்துக்கொண்டான். வெளியே ஒரு சொட்டு ரத்தமில்லை. மறுநாள் முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது. ஹீமோபிலியா, ரத்தம் உறையாத நோய். மூட்டுக்குள்ளேயே ரத்தம் கசிந்து மூட்டைக் கெடுத்துவிடும். 1995ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஊனம் ஏழு வகைதான். 2016இல் வந்த சட்டம் அதை 21 ஆக்கியது. ஹீமோபிலியா, தலசீமியா, பார்க்கின்சன் எல்லாம் அதில் உண்டு. டீக்கடை பெஞ்சிலிருந்து பார்த்தால் தெரியாத ஊனங்கள்தான் அதில் பாதி. அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. மற்றவர்களுக்குக் கொடுக்கும் உதவியைவிட ஊனமுற்றவர்களுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. காரணம் எளிது. நீங்கள் நடந்து போகிற இடத்துக்கு நான் ஆட்டோ வைக்க வேண்டும். உங்கள் செருப்பு நூறோ இருநூறோ, என் செருப்பு காலிப்பரோடு சேர்த்துச் செய்ய வேண்டும்.

இது நம் ஊர்க் கதை மட்டும் என்று நினைத்திருந்தேன். என் அக்கா மகன் இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறான். போனில் சொன்னேன். "மாமா, இங்கேயும் இதே ரகளைதான்" என்றான். அங்கே ஊனமுற்றவர்களுக்குப் பிப் என்று ஓர் உதவித்தொகை. சமைப்பது, குளிப்பது, உடுத்துவது என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உதவி தேவை என்று புள்ளி போடுவார்கள். மொத்தம் எட்டு வந்தால் தொகை உண்டு. 2025 மார்ச்சில் அந்த அரசாங்கம், எட்டு போதாது, ஏதாவது ஒன்றிலாவது நான்கு வாங்கியிருக்க வேண்டும் என்று மாற்றப் பார்த்தது. இதில் ஒன்றைக் கேட்டுத்தான் நான் அசந்து போனேன். இடுப்புக்குக் கீழே கழுவிவிட ஆள் வேண்டுமென்றால் இரண்டு புள்ளி. இடுப்புக்கு மேலே, தோள் வரை கழுவிவிட ஆள் வேண்டுமென்றால் நான்கு. நாங்கள் பேன்ட்டுக்கும் சட்டைக்கும் தனித்தனிக் கூலி வாங்குவதுபோல மனுஷனை இடுப்பில் வெட்டியிருக்கிறார்கள்.

அங்கே சக்கர நாற்காலிக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். இரண்டரை லட்சம் பேர் வறுமைக்குள் போவார்கள் என்று அரசாங்கத்தின் சொந்த மதிப்பீடே சொன்னது. ஆளுங்கட்சியின் எம்.பி.க்களே 120க்கும் மேற்பட்டவர்கள் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். 2025 ஜூலை 1ஆம் தேதி ஓட்டெடுப்பு. விவாதம் நடக்கும்போதே அந்த நான்கு புள்ளி நிபந்தனையை எடுத்துவிடுகிறோம் என்று அரசு பின்வாங்கியது. மசோதா அன்றைய ஓட்டெடுப்பில் 335க்கு 260 என்று தேறியது. வேறொரு தொகையை மட்டும் 2026 ஏப்ரலிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்குக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்தார்கள். முன்பே வாங்குகிறவனைத் தொட்டால் சத்தம் வரும். இனிமேல் ஊனமாகப் போகிறவன் சத்தம் போடமாட்டான், அவனுக்கே இன்னும் தெரியாது.

எங்கள் பக்கமும் சத்தம் பலித்தது. தாலுகா ஆபீஸ் முன்னால் உட்கார்ந்தார்கள், கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார்கள். தகுதி உள்ள யாரையும் நீக்கமாட்டோம், அப்பீல் செய்தவர்களுக்குப் பணம் தொடரும் என்று அரசு சொன்னது. நல்லதுதான். ஆனால் பொய்ச் சான்றிதழுக்குக் கையெழுத்து வேண்டுமே. வாங்கியவன் ஒரு லட்சம் பேரில் ஒருவனாக இருந்தால், கையெழுத்துப் போட்டவர்கள் விரல்விட்டு எண்ணுகிற ஆட்கள். அவர்களிடமிருந்து தேடிக்கொண்டு வந்திருந்தால் என் மகனுக்கு ஒரு நாள் கூலி மிஞ்சியிருக்கும். இது தையல்காரன் கணக்கு. கிழிசல் எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் ஊசியை வைப்போம்.

எங்கள் தெருவில் ஒரு நெசவாளி, என்னைவிட இளையவர். விசைத்தறியில் நாடா தெறித்து ஒரு கண் போனவர். பழைய சதரத்தில் 45 என்று இருந்தது. விதிப்படி ஒரு கண் முழுதும் போய், மற்றது நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான். அந்தக் காலத்து டாக்டர் இரக்கப்பட்டுப் போட்டாரா, வேறு எப்படியா தெரியாது. இவர் பணம் கொடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், கொடுக்க அவரிடம் இருந்ததில்லை. ஒற்றைக் கண்ணால் அறுந்த இழையைப் பிடிக்க முடியாது என்று தறியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இவர் போலியா? விதியைக் கேட்டால் ஆமாம். என்னைக் கேட்டால் நான் அந்தச் சொல்லை இப்போது விட்டுவிட்டேன்.

அவர் அப்பீல் போட்டார். மறுபடி மருத்துவமனைக்குப் போகும் தேதி வந்தது. முந்தின நாள் சாயந்திரம் இரண்டு சட்டைகளோடு கடைக்கு வந்தார். ஒன்று தீபாவளிக்கு நான் தைத்தது. இன்னொன்று காலர் நைந்த பழசு, மூன்றாவது பித்தான் இல்லை. "எதைப் போட்டுக்கிட்டுப் போகட்டும் அண்ணே? புதுசைப் போட்டா வசதியானவன்னு நினைப்பாங்க. பழசைப் போட்டா நடிக்கிறான்னு நினைப்பாங்க."

எனக்குப் பதில் தெரியவில்லை. பழைய சட்டையை வாங்கி, பித்தான் மட்டும் வைத்துக் கொடுத்தேன்.

வணக்கம்.